கடைசியில் அறிபவள்



அன்பியக் கூட்டத்தில் செபமாலை முடிந்து தேநீர் வரும்வரை உள்ள கால் மணி நேரத்தில் நம் தாய்மார்கள் எதைப் பேசிக்கொள்கிறார்கள் என்பது பங்குக் குருக்கள் எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். 2020-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தொடங்கி 2025 வரை விஜய் தொலைக்காட்சியில் ஓடிய ‘பாக்கியலட்சுமி’ என்னும் தொடர் அந்தக் கால் மணி நேரத்தை நெடுங்காலம் ஆண்டுவந்தது. வங்க மொழியில் வந்த ‘ஸ்ரீமயி’ என்ற தொடரின் தழுவல் அது. கணவன் கோபி, மனைவி பாக்கியா, வளர்ந்த பிள்ளைகள், மாமனார், மாமியார், கணவனின் பழைய தோழி ராதிகா. கணவன் வேறொருத்தியிடம் மனத்தைக் கொடுத்துவிட்டான். மனைவியோ அதிகாலையில் எழுந்து எல்லோருக்கும் சமைத்து, அவரவர்க்கு வேண்டியதை அவரவர் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு உண்மை தெரியவர ஏறக்குறைய 2 ஆண்டுகள் ஆயின.

அந்த 2 ஆண்டுகளும் தாய்மார்கள் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்விதான்: எப்போது இவளுக்குத் தெரியும்? அக்கேள்வியில் உள்ள தவிப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நாடகந்தானே என்று சிரித்துவிட்டுப் போவோரும் உண்டு. ஆனால் கூட்டத்தில் ஓர் ஓரமாக அமர்ந்து, அந்தப் பேச்சில் மட்டும் கலந்துகொள்ளாமல் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருக்கும் ஒருத்தி எந்த ஊரிலும் இருப்பாள். அவளை முன்னிட்டே இம்மாதம் இதனை எழுதுகிறேன்.

நான் கேட்க விரும்புவது வேறொன்று. அந்த வீட்டில் பாக்கியாவுக்கு முன்பே உண்மையை அறிந்தவர்கள் இருந்தார்கள். மாமனார் அறிந்தார், பெற்ற மகன் ஒருவன் அறிந்தான். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவள்மீது அன்பு கொண்டவர்கள். அன்பினாலேயே மறைத்தார்கள். அவளுடைய வாழ்க்கையைப் பற்றிய மிகப் பெரிய செய்தி அவளைத் தவிர மற்றவர் நாவில் உலவிக்கொண்டிருந்தது. இத்தனை பேர் இத்தனை நாள் மறைத்துவைக்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தார்?

நாம் திருவண்ணாமலையில் வாழ்கிறோம். எந்தச் சமயத்தவராயினும் இவ்வூரார் அறிந்த தலபுராணம் ஒன்று உண்டு. அடிமுடி காணாத சோதிப் பிழம்பின் முடியைக் காணப் புறப்பட்ட பிரமன், அதைக் காணாமலே கண்டேன் என்று சொல்ல, தாழம்பூ அதற்குச் சாட்சி சொன்னதாம். பிரமனுக்குக் கோயில் இல்லாமற் போனது ஒரு தண்டனை. சிவ வழிபாட்டில் தாழம்பூவுக்கு இடமில்லாமற் போனது மற்றொரு தண்டனை. அக்கதையின் சமயப் பொருளைப் பற்றிப் பேசுவது என் வேலையன்று. அதை உரியவர்கள் பேசுவார்கள். எனினும் பொய் சொன்னவனோடு அந்தப் பொய்க்குத் துணை நின்ற பூவும் தண்டனை பெற்றது என்று சொல்லிவைத்தார்களே, அந்த நீதி என்னை எப்போதும் சிந்திக்கவைக்கும். நம் குடும்பங்களில் தாழம்பூக்கள் மிகுதி. “அண்ணன் என்னோடுதான் இருந்தார், அண்ணி” என்று சொல்லும் தம்பி; “பெங்களூரில் கட்டட வேலை இன்னும் முடியவில்லையாம்” என்று சேதி கொண்டுவரும் நண்பன்; எல்லாம் தெரிந்தும் தெருவில் மனைவியைக் கண்டால் கூடுதல் கனிவோடு நலம் விசாரிக்கும் அண்டைவீட்டார். அந்தக் கூடுதல் கனிவைக் கண்டே ஐயுறத் தொடங்கிய பெண்கள் உண்டு.

இவ்வூரோடு தொடர்புடைய மற்றொரு கதையையும் பாருங்கள். அருணகிரிநாதர் இங்கே பிறந்து, இளமையைக் கணிகையரிடம் தொலைத்து, செல்வம் இழந்து, நோயுற்று, கோபுரத்திலிருந்து குதித்தபோது தடுத்தாட்கொள்ளப்பட்டார் என்பது செவிவழிக் கதை. 1964-இல் டி. ஆர். ராமண்ணா அதனைத் திரைப்படமாக்கினார், பாடகர் டி. எம். சௌந்தரராஜனே அருணகிரியாக நடித்தார். கதை சொல்வோர் தமக்கையின் தியாகத்தைக் கண்ணீர் வரச் சொல்வார்கள். அவருக்கு மனைவி இருந்தாள் என்று சொல்வோரும் உண்டு. ஆனால் அவள் எந்த நாளில், எவர் வாயிலாக அறிந்தாள், அன்றிரவு என்ன செய்தாள் என்பதை எவரும் விரித்துச் சொல்லி நான் கேட்டதில்லை. பாவி புனிதராகும் கதையில் மனைவிக்கு இடம் சிறிது.

அதே 1964-இல்தான் ‘பூம்புகார்’ திரைப்படமும் வந்தது. எஸ். எஸ். ராஜேந்திரன் கோவலனாகவும், சி. ஆர். விஜயகுமாரி கண்ணகியாகவும் நடித்தார்கள். மூலமாகிய சிலப்பதிகாரத்தை எடுத்துப் பார்ப்போமாயின், கண்ணகி எப்படி அறிந்தாள் என்ற காட்சியே அங்கு இல்லை என்பது வியப்பைத் தரும். மாதவியின் மாலையைக் கூனி ஒருத்தி கையில் ஏந்தி, செல்வர் நடமாடும் பெருந்தெருவில் நின்று 1008 கழஞ்சு பொன் விலை கூறுகிறாள். கோவலன் அதை வாங்கிக்கொண்டு அவளோடு மாதவியின் மனை புகுகிறான். நடுத்தெருவில் நடந்த வாணிகம் அது! பார்த்தவர் எத்தனை பேர்? விலை கேட்டுத் திகைத்தவர் எத்தனை பேர்? ஊருக்கெல்லாம் தெரிந்ததை அவளுக்குச் சொல்ல ஒருவர் வேண்டுமா என்று அடிகள் எண்ணினார் போலும். அடுத்து நமக்குக் காட்டுவது சிலம்பில்லாத அவளுடைய பாதத்தையும், மை எழுதாத கண்ணையும் மட்டுமே. ‘அறிந்துகொண்டாள்’ என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

அதன் பின் வரும் ஓர் இடத்தை நம் பெண்மக்கள் கவனிக்க வேண்டும். தேவந்தி என்னும் தோழி, சோமகுண்டம் சூரியகுண்டம் என்னும் துறைகளில் நீராடிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் பிரிந்த கணவன் திரும்புவான் என்கிறாள். கண்ணகி மறுத்துவிடுகிறாள், அது தனக்குப் பெருமை தருவதன்று என்பது அவள் விடை. எப்போதும் பொறுமைக்கு உருவமாகவே காட்டப்படும் கண்ணகி, கணவனை மீட்பதற்காகத் தான் ஒரு நோன்பு நோற்க வேண்டும் என்ற யோசனையை ஏற்கவில்லை. தவறியவன் அவன், பரிகாரம் இவள் ஏன் செய்ய வேண்டும்? இதை நம் பங்குகளில் நினைவுபடுத்துவது நலம். கணவன் வழிதவறினால் மனைவிக்கு நவநாள் செபத்தைப் பரிந்துரைக்கும் நல்லவர்கள் நம்மிடையே பலர். செபம் நன்று, யார் செய்தாலும் நன்று. ஆயினும், “நீ சரியாகச் செபிக்கவில்லை, அதனால்தான்” என்ற குற்றச்சாட்டு அந்த அறிவுரையின் மடிப்பில் ஒளிந்திருந்தால், அதைச் சொன்னவர் வாயை மூடிக்கொண்டிருப்பதே புண்ணியம்.

ஐயமும் அறிவும் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கே. பாலசந்தரின் ‘இரு கோடுகள்’ 1969-இல் வந்தது. ஜெமினி கணேசன் கலெக்டர் அலுவலகத்தில் குமாஸ்தா; மனைவியாக ஜெயந்தி; மாவட்டக் கலெக்டராக சௌகார் ஜானகி. கணவனுக்கும் கலெக்டருக்கும் இடையே ஏதோ இருக்கிறது என்று மனைவி ஐயுறுகிறாள். ஏதோ இருந்ததும் உண்மை. ஆனால் அவள் நினைத்தது அன்று. கலெக்டர், அவன் முன்பு மணந்து பிரிந்த முதல் மனைவி! இவளுடைய ஐயம் பாதி சரி, பாதி தவறு. மறைக்கப்பட்ட வீட்டில் ஐயம் இப்படித்தான் வளரும். உண்மை கிடைக்காதபோது மனம் தானே ஒன்றைக் கட்டிக்கொள்ளும். “என் மனைவிக்கு எப்போதும் சந்தேகம்” என்று குறைப்படும் கணவன்மார், அந்தச் சந்தேகத்துக்கு எத்தனை நாள் தாமே தீனி போட்டோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். ஒரு காரணமும் இல்லாமல் கணவனின் கைப்பேசியை நாள்தோறும் துழாவும் மனைவியரும் இருக்கிறார்கள். அது வேறு நோய், அதற்கு வேறொரு மாதம் பார்ப்போம்.

1985 தீபாவளிக்கு வந்த ‘சிந்து பைரவி’யை நம்மில் பலர் பார்த்திருப்பீர்கள். அதுவும் பாலசந்தர் படமே. சிவகுமார் புகழ்பெற்ற கருநாடக இசைப் பாடகர். மனைவி பைரவியாக சுலக்‌ஷணா, இசையறிவு இல்லாதவள், பிள்ளைப்பேறு வாய்க்காதவள். சிந்துவாக சுஹாசினி, பாட்டு ஆசிரியை. சுஹாசினிக்கும், இளையராஜாவுக்கும், பாடகி சித்ராவுக்கும் தேசிய விருதுகளைத் தேடித்தந்த படம். குடித்துவிட்டு வரும் மிருதங்கக்காரரைப் பொறுக்காத கண்டிப்பான பாடகர், பின்னாளில் தாமே குடியில் வீழ்ந்து சாராயத்துக்காகத் தெருவில் பாடும் நிலைக்கு வருவது, நல்லவன் என்ற பெயரின்மேல் கட்டிய வீடு எப்படிச் சரியும் என்பதற்கு நல்ல சித்திரம். எனினும் உண்மை வெளிப்பட்ட பிறகு யார் யார் எதைக் கொடுத்தார்கள் என்று கணக்குப் பாருங்கள். மனைவி, கணவன் வாழ வேண்டும் என்பதற்காக, அவனை மணந்துகொள்ளும்படி மற்றவளையே வேண்டுகிறாள். மற்றவள் அதை மறுத்து, தான் பெற்ற குழந்தையை மனைவிக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போகிறாள். இரு பெண்களும் அள்ளி அள்ளிக் கொடுக்கிறார்கள். கொட்டகையில் நாம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். கணவன் கொடுத்தது என்ன? எனக்கு அந்தப் படத்தின் பாட்டுகள்மீது ஆசை உண்டு, முடிவின்மீது இல்லை.

இந்த வரிசையில் வேறு தடம் பிடித்த படம் என்று நான் கருதுவது ‘மறுபடியும்’. 1993-இல் பாலு மகேந்திரா எடுத்தது. மட்டக்களப்பு மண்ணில் பிறந்து, அங்குள்ள புனித மிக்கேல் கல்லூரியில் பயின்ற அவர் 2014-இல் மறைந்தார். இப்படத்தின் மூலம் 1982-இல் மகேஷ் பட் இந்தியில் எடுத்த ‘அர்த்’. அதில் ஷபானா ஆஸ்மி ஏற்ற பாத்திரத்தைத் தமிழில் ரேவதி, துளசி என்னும் பெயரில் ஏற்றார். கணவனாக நிழல்கள் ரவி, திரைப்பட இயக்குநர். அவன் நாடிச் செல்லும் நடிகையாக ரோகிணி.

இந்தி மூலத்தில் மனைவி அநாதையாக வளர்ந்தவள். சொந்த வீடு ஒன்று வேண்டும் என்பது அவள் வாழ்நாள் கனவு. குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில், கணவன் புது வீட்டுச் சாவியைக் கையில் தருகிறான். அவள் கனவு கைகூடும் அந்தக் காலத்திலேயே அவன் மனம் வேறிடத்தில் இருக்கிறது என்பதும் வெளிப்படுகிறது. சுவரும் கதவும் கிடைத்தன, வீடு கிடைக்கவில்லை. அந்தச் சாவியைக் காட்டிலும் கொடுமையான கண்டுபிடிப்பு வேறு என்ன இருக்க முடியும்?

அதே கதையில் வீட்டு வேலை செய்யும் பெண் ஒருத்தியும் வருகிறாள். அவளுடைய கணவனும் குடிகாரன், வேறொருத்தியை நாடுபவன். மகளைப் பள்ளியில் சேர்க்க அவள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை அவன் எடுத்துச் செலவழித்துவிடுகிறான். ஏழைப் பெண்ணின் கண்டுபிடிப்பு இப்படித்தான் வருகிறது. கடிதமோ, கைக்குட்டையோ, முத்தக் கறையோ அவளுக்கு வேண்டியதில்லை; அரிசிப் பானைக்குள் முடிந்துவைத்த பணம் இல்லாமற் போகும், காதுத் தோடு அடகுக் கடைக்குப் போயிருக்கும், மகளிர் குழுவில் அவள் பெயரில் வாங்கிய கடன் வந்த வழி தெரியாமல் கரைந்திருக்கும். பங்கில் நான் கேட்டுவரும் துயரங்கள் பெரும்பாலும் பணக் கணக்கில்தான் தொடங்குகின்றன. “சாமி, வீட்டுக்காரர் காசு தருவதில்லை” என்று ஒருத்தி வந்து நின்றால், சிக்கனத்தைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் சற்று அமர்ந்து கேட்பது நல்லது. அவள் சொல்ல வந்தது வேறாக இருக்கலாம். அந்தப் படத்து வேலைக்காரி சினத்தின் உச்சியில் கணவனைக் கொன்றுவிட்டுச் சிறை போகிறாள். அச்செயலை ஏற்க இயலாது. ஆனால் அது வரையில் அவளுக்கு நியாயம் கேட்க யார் வந்தார்கள் என்பதையும் கேட்காமலிருக்க இயலாது.

இறுதியில், நடிகையே கணவனை ஒதுக்கிவிட, அவன் மனைவியிடம் திரும்பி வருகிறான். அவள் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்கிறாள்: இதே தவற்றை நான் செய்துவிட்டு வந்திருந்தால் நீங்கள் ஏற்றுக்கொண்டிருப்பீர்களா? அவன் உண்மையைச் சொல்கிறான்: மாட்டேன். படம் முழுவதிலும் அவன் நேர்மையாகச் சொன்ன சொல் அதுவாகத்தான் இருக்கும். அவள் கதவைச் சாத்திவிடுகிறாள். அன்பு காட்டிய வேறொருவனிடமும் அடைக்கலம் தேடவில்லை. சிறை சென்றவளின் மகளைத் தன் மகளாக ஏற்றுக்கொள்கிறாள்.

“சாமியார் ஒருவர் இதைப் பாராட்டலாமா? மன்னிப்பைப் போதிக்க வேண்டியவர் அல்லவா?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பாராட்டுவதும் பழிப்பதும் இருக்கட்டும். நாட்டின் சட்டமும் திருச்சபையின் சட்டமும் என்ன சொல்கின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

நாட்டுச் சட்டம் நெடுங்காலம் கிறிஸ்தவ மனைவிக்கு ஓரவஞ்சனை செய்தது. 1869-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டப்படி, கணவன் மனைவியின் விபசாரத்தை மட்டும் மெய்ப்பித்தால் போதும்; மனைவியோ கணவனின் விபசாரத்தோடு கொடுமையையோ, 2 ஆண்டுகள் கைவிட்டதையோ, அவை போன்ற வேறொன்றையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். அவன் துரோகம் மட்டும் போதிய குற்றமாகவில்லை! 132 ஆண்டுகள் கழித்து, 2001-இல்தான் அவ்வேற்றுமை நீங்கியது. தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவும் அப்படியே. பிறன் மனைவியோடு உறவு கொண்டவனை அவளுடைய கணவன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம். துரோகம் செய்த கணவன்மீது அவன் மனைவி அப்பிரிவின்கீழ் முறையிட வழியில்லை. மனைவி கணவனின் உடைமை என்ற எண்ணத்தின்மேல் எழுந்த அப்பிரிவை 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. ‘இனி விபசாரம் குற்றமில்லையாம்’ என்று சில ஆண்கள் அன்று சிரித்துக்கொண்டார்கள். மணமுறிவுக்கு அது இன்றும் காரணமே என்பதை அவர்கள் படிக்கவில்லை போலும்.

திருச்சபைச் சட்டத்துக்கு வருவோம். மெய்விவாகம் என்னும் அருட்சாதனத்தின் கட்டு அவிழாது. நீதிமன்றத் தாள் அதை அவிழ்ப்பதில்லை. பீடத்தின்முன் சொன்ன ‘பிரமாணிக்கம்’ என்ற சொல்லை ஒருவர் முறித்தாலும் மற்றவர் மறுமணத்துக்கு உரியவர் ஆவதில்லை. இதையெல்லாம் நீங்கள் அறிவீர்கள். அறியாத பகுதி ஒன்று உண்டு. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1152-ஆம் சட்டம், குற்றமற்ற துணைவர் கிறிஸ்தவ அன்பினால் மன்னிக்க வேண்டும் என்று மிகவும் பரிந்துரைக்கிறது. பரிந்துரைக்கிறது, கட்டளையிடவில்லை. அவர் மன்னித்து ஏற்காவிடில், தாமும் அத்தவற்றுக்கு உடன்பட்டவராகவோ, அதற்குக் காரணமானவராகவோ, அதே தவற்றைச் செய்தவராகவோ இல்லாதவரை, கூடி வாழ்வதை விட்டுப் பிரிந்திருக்க அவருக்கு உரிமை உண்டு. தீமையை அறிந்த பின்னும் 6 மாதங்கள் இல்லறத்தை வழக்கம்போல் நடத்தி, திருச்சபை அதிகாரியிடமோ அரசு அதிகாரியிடமோ முறையிடாமல் இருந்தால், மன்னித்துவிட்டார் என்று கருதப்படும். தாமே பிரிந்து போனவர் 6 மாதங்களுக்குள் உரிய திருச்சபை அதிகாரியிடம் பிரிவுக்கான வழக்கைக் கொண்டுவர வேண்டும். பிரிவு நேர்ந்தால் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் வழிசெய்தாக வேண்டும் என்கிறது 1154-ஆம் சட்டம். பிரிந்தவர் பின்னொரு நாள் மனமிரங்கிச் சேர்த்துக்கொண்டால் அது போற்றத்தக்கது என்பதும் அடுத்த சட்டத்திலேயே உள்ளது.

ஆகவே, “குடும்ப மானம் போய்விடும், வாயைத் திறக்காதே” என்று மருமகளை அடக்கும் மாமியாரும், “பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்” என்று பேருந்தில் ஏற்றித் திருப்பி அனுப்பும் தாய்வீட்டாரும் திருச்சபையின் பெயரைத் துணைக்கு அழைக்க வேண்டாம். பொறுத்துக்கொள்வதா, பிரிந்திருப்பதா என்பதை அவளே செபித்து, சிந்தித்து, கேட்கத்தக்கவரைக் கேட்டு முடிவு செய்யட்டும். மன்னிக்க வேண்டுமானால் எதை மன்னிக்கிறோம் என்பதாவது அவளுக்கு முழுவதும் தெரிந்திருக்க வேண்டாமா? பாதி மறைத்துவிட்டு முழு மன்னிப்புக் கேட்பது என்ன நேர்மை?

சில வாசகிகள் இதைப் படித்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று கேட்கக்கூடும். நம் பகுதி வேலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. உங்கள் பங்குத்தந்தையிடம் நேரில் வாருங்கள். நம்பிக்கைக்குரிய ஒரு பெண்ணைத் துணைக்கு அழைத்து வரலாம். எந்த நாளில் எதை அறிந்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிவைத்திருங்கள். நான் சொன்ன 6 மாதக் கணக்குக்கு அது உதவும். முறையீடு மறைமாவட்ட அதிகாரியிடம் போகும். அங்கே உங்களை மட்டும் விசாரிக்கமாட்டார்கள். கணவருக்கும் அழைப்புப் போகும். தம்பியோ நண்பனோ அவருக்குப் பதிலாகப் பேச முடியாது. கேட்கும் கேள்விகளுக்கு அவரே விடை சொல்ல வேண்டும்.